ஈரமுடி

அன்புள்ள மைனிக்கு,

நேற்று மத்தியானம் டிவியில் அந்த ஜப்பான் பேய்ப்படம் போட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன் அண்ணன் சவுதியிலிருந்து லீவில் வந்தபோது, மார்த்தாண்டத்தில் சிடி வாங்கி எல்லோரும் பார்த்தோமே, முடியால் முகம் மூடிய பேய் வருமே, அதுதான்.

மறுநாள் நீங்கள் ஈரமுடியை ஒரு கன்னத்தின்மேல் வழியவிட்டு அடுக்களைக்கு வந்தீர்கள். "ஏலே, ஜப்பான் பேய் வருது" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அம்மாவும் சிரித்தாள். "முடி ஒணங்கட்டும் மக்கா" என்றீர்கள், அவ்வளவுதான். அந்த லீவு முழுக்க உங்களுக்கு அதுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முக்காட்டைக் கன்னம்வரை இழுத்துவிட்டு நின்றபோதும் நான் விடவில்லை.

நேற்று படம் பயமாகவே இல்லை. அந்தப் பேயின் முடியை ஒதுக்கி முகத்தைப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்றிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். அண்ணன் சவுதியில் இருந்த மாதங்களில் நீங்கள் எப்போதும் முடியை இறுக்கிப் பின்னி, இரண்டு கன்னமும் தெரியத்தான் இருப்பீர்கள். அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அடுத்த மாதம் அண்ணன் வருகிறான். அருமனையில் உங்கள் அம்மா வீட்டிலேயே இருந்தது போதும், இங்கே திரும்பி வாருங்கள் என்று உங்களுக்கு எழுதச் சொல்லித்தான் அம்மா இந்தத் தாளைத் தந்தாள்.

அதை நான் எழுதவில்லை, மைனி. முடியைப் பின்னிக்கொண்டு அங்கேயே இருங்கள்.

உங்களுக்குப் பெயர் வைத்த
நாத்தூன்