மூன்றாம் துளை

ஜூன் 10, திங்கள்

மேற்கேயிருந்து வருகிற கச்சான் காற்று விடியவே தொடங்கிவிட்டது. வாவி முழுக்கச் சின்னச் சின்ன அலை. பத்து மணிக்குள் படகு ஓட்டத்தை முடித்துவிட வேண்டும்.

காலையில் சுற்றிப் பார்க்க வந்த இரண்டு பேர். புளியந்தீவைச் சுற்றி ஒரு வட்டம். மெதுவாகப் போகும்வரை படகு தங்கம். வேகம் கூட்டினால் மூக்கு தவளை மாதிரித் துள்ளுகிறது. தப், தப், தப். வந்தவர்களில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "ரோட்டில பஸ்ஸில போன மாதிரி இருக்கு" என்று மற்றவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

படகு வாங்கி நாலு மாதம். பதினைந்து அடி ஃபைபர், நாற்பது எச்.பி. எஞ்சின். இப்படியே துள்ளினால் இன்னும் நாலு மாதத்தில் யாரும் ஏறமாட்டார்கள்.

யோகனிடம் சொல்ல வேண்டும். படகுத் துறைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிற, எஞ்சின் திருத்துகிற பாஸ்.

பருப்பு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்துத் தன்னாமுனைக் கடையில் இல்லை.

ஜூன் 12, புதன்

வெயில். காற்று குறைவு.

யோகன் வந்தான். முதலில் எஞ்சினைத் தொடவில்லை. படகுக்குள் என்னென்ன எங்கே இருக்கிறது என்று பார்த்தான். பெற்றோல் டாங்க், பற்றறி, நங்கூரம், தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாமே பின்பக்கம். நானும் பின்பக்கம்.

"அக்கா, பின்னுக்கு இவ்வளவு பாரத்த வெச்சா மூக்கு துள்ளாம என்ன செய்யும்?"

செய்தவை:
டாங்க் நடுவுக்கு.
பற்றறி முன் இருக்கைக்குக் கீழே.
நங்கூரம் மூக்கில்.
எஞ்சினின் சாய்வு மாற்றம்.

கடைசியானதுதான் முக்கியமாம். எஞ்சின் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்று ஒரு கம்பிதான் பிடிக்கிறது. அந்தக் கம்பிக்கு ஐந்து துளைகள். எங்களுடையது ஐந்தாவதில் இருந்தது. அதில் எஞ்சின் வெளியே தள்ளி நிற்கும், மூக்கு மேலே போகும். முதலாம் துளையில் போட்டால் உள்ளே ஒடுங்கி நிற்கும், மூக்கு கீழே அமுங்கும். யோகன் மூன்றாவதில் போட்டான். இவரும் (என் வீட்டுக்காரர் தேவன்) தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. படகு வாங்கிய நாளில் எனக்கும் அவருக்கும் நடந்த சண்டைக்குப் பிறகு, "இனி உன்ர படகப் பத்தி நான் கதைக்க மாட்டன்" என்று சொன்னவர், சொன்னபடி நிற்கிறார்.

ஓடிப் பார்த்தேன். மூக்கு ஒருமுறை எழும்பியது, பிறகு படிந்தது, அப்படியே போனது. துள்ளல் இல்லை. திருப்பினால் திரும்பியது. கல்லடிப் பாலத்துக்குக் கீழே போகும்போது வாய்விட்டுச் சிரித்தேன். தனியே.

ஜூன் 14, வெள்ளி

என்னவோ நடந்திருக்கிறது.

அதே படகு, அதே பாரம். ஆனால் மூக்கு தண்ணீரைக் கிண்டுகிறது. ஸ்டியரிங் கல்லு மாதிரி. கையைக் கொஞ்சம் விட்டால் வலப்பக்கம் இழுக்கிறது. இரண்டு நாளில் எப்படி?

கரைக்கு வந்து பார்த்தேன். கம்பி முதலாம் துளையில்.

கம்பி தானாக நடக்காது. மூன்றில் போட்டதை என் கண்ணால் கண்டேன். திரும்ப மூன்றில் போட்டேன். விரல் நசுங்கியது.

யோகனைத் தவிர யாருக்கு இது தெரியும்? கல்லடியில் எனக்குப் போட்டியாக ஆட்களை ஏற்றிப் படகு ஓடுகிறவன் யோகனின் மச்சான். போன மாதம் யோகன் என் படகைத் தடவிப் பார்த்து, "இது என்ர கையில கிடைச்சா எப்பிடி ஓடும் தெரியுமா, அக்கா" என்று சொன்னான். அப்போது பகிடியாக எடுத்தேன்.

ஜூன் 15, சனி

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். வழக்கமாக, படகு என்றால் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்று நிமிர்ந்தார்.

"யோகன்தான் எண்டு நினைக்கிறன். வேற ஆர்?" என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்தார். பிறகு, "சொல்ல ஏலா. இந்தக் காலத்தில ஆர நம்புற?" என்றார்.

அவரே அப்படிச் சொன்னதால் எனக்கு இன்னும் உறுதி.

கத்தரிக்காய்க் கறிக்கு உப்பு கூடிவிட்டது. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

ஜூன் 17, திங்கள்

இன்று வந்தவர்கள் மூன்று பேர்.

புதுசாகக் கலியாணம் முடித்த சோடி, கூடவே புதுப்பொம்பிளையின் தாய். மூன்று பேருக்கும் பாதுகாப்பு அங்கி கட்டிவிட்டேன். காலையில் நான் வந்த பஸ் பிந்தியதால் கம்பியைப் பார்க்கவில்லை. என் பிழை. எழுதி வைக்கிறேன், என் பிழை.

வாவி நடுவில் பெரிய படகு ஒன்று குறுக்கே போனது. அதன் அலையில் ஏறினோம். இறங்கும்போது மூக்கு எழும்பவில்லை, குத்தியது. தண்ணீர் வாளியால் ஊற்றியது போல உள்ளே வந்தது. படகு சட்டென்று வலப்பக்கம் வெட்டியது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தும் நிற்கவில்லை. நேரே மீன் வலை கட்டிய கம்புகள். விசையைக் குறைத்தேன். ஒரு கம்பு முறிந்தது. அதோடு நின்றது.

தாயின் நாடி, வாய்க்குக் கீழே, கைப்பிடிச் சட்டத்தில் அடித்து இரத்தம். பெரிய காயம் இல்லை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "என்னக் கரையில விடுங்க, நான் நடந்தே போறன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கரையில் பார்த்தேன். முதலாம் துளை.

பட்டறைக்குப் போய், மூன்று நான்கு பேர் நிற்கும்போதே கத்தினேன்.

"ஆள் செத்திருந்தா ஆர் பதில் சொல்ற?"

யோகன் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். "அக்கா, புதன்கிழமைக்குப் பிறகு உங்கட படகுப் பக்கமே நான் வரல்ல."

"அப்ப பேயா வந்து மாத்தின?"

அவன் துணியைக் கீழே போட்டான். முகம் கறுத்துப் போய்விட்டது. அங்கே நின்றவர்களில் ஒருவர், "பொம்பிளைக்கு ஏன் இந்த வேல" என்று முணுமுணுத்தார். கேட்டது. கேட்காதது போல வந்தேன்.

இவரிடம் எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க முகம் வெளிறியது. "உனக்கு அடி கிடி பட்டதா?" என்று மூன்று தரம் கேட்டார். யோகனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஓட்டம் இல்லை. கம்பியை மூன்றாம் துளையில் போட்டு, போனில் படம் எடுத்து வைத்தேன். இப்போது எல்லாரையும் பார்க்கிறேன். ஐஸ் வண்டிக்காரன். தூண்டிலோடு வருகிற ஓய்வு பெற்ற மாஸ்டர். யோகனின் பட்டறைக் கதவு. எல்லாரும் என் படகைத்தான் பார்ப்பது போல இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

இவர் வழக்கம் போல ஆறு மணிக்கே மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போய்விட்டார். நான் எட்டு மணி பஸ்ஸில் வருவேன் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். இன்று அவர் போய்ப் பத்து நிமிடத்தில் ஓட்டோ பிடித்து வந்தேன். துறைக்கு எதிரே தேத்தண்ணிக் கடை. உள்பக்க மேசை.

யோகன் வரவில்லை. பட்டறை பூட்டு.

ஆறே முக்காலுக்கு வந்தவர் இவர்.

செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார். காற்சட்டையை முழங்கால்வரை மடித்தார். படகுக்குள் ஏறி, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கானால் அடித்தண்ணீரை இறைத்தார். இருக்கைகளைத் துணியால் துடைத்தார். கயிற்று முடிச்சை இழுத்துப் பார்த்தார். காலையில் படகு எப்போதும் காய்ந்து கிடப்பது ஃபைபர் நல்லது என்பதால் என்று நினைத்திருந்தேன்.

பிறகு எஞ்சினைத் தூக்கி, கம்பியைக் கழற்றி, முதலாம் துளையில் போட்டார். தையல்காரக் கை. என்னைப் போல் விரலை நசுக்கவில்லை.

தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. அப்படியே குடித்தேன்.

ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனேன். யாரோ ஒருவரின் சட்டைக் கொலர் வெட்டிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன்.

"காலையில பாத்தன்."

கத்தரிக்கோலை வைத்தார்.

"நீ ஓடுறதப் பாலத்தில நிண்டு பாத்தனான். மூக்கு மேல எழும்பிச்சு. அப்பிடியே பின்னுக்குக் கவிழப் போகுதெண்டு நினைச்சன். முதலாம் துளையில போட்டா மூக்கு கீழ இருக்கும் எண்டு யோகன் சொன்னான்தானே."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே."

"படகப் பத்திக் கதைக்க மாட்டன் எண்டு சொன்ன நான் எப்பிடிச் சொல்ற?"

"திங்கக்கிழம நான் வலைக்கம்பில போய் அடிச்சது உங்கட துளையாலதான்."

"எனக்கு அது விளங்கல்ல. இன்னும் அமுக்கி வெச்சாத்தான் நல்லம் எண்டு நினைச்சன்."

இதுவரை என்னால் விளங்கிக்கொள்ள முடிந்தது. பயம். தெரியாத்தனம். ஆனால் யோகன்மேல் பழியை விழ விட்டது?

"ஆர நம்புற எண்டு சொன்னீங்க. சோத்த முன்னுக்கு வெச்சுக்கொண்டு சொன்னீங்க."

தலை குனிந்தார். "பயந்திட்டன், சுகந்தி" என்றார்.

சாத்திய கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

பட்டறை. திங்கட்கிழமை நின்றவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள். நல்லதாயிற்று. அவர்கள் முன்னாலேயே சொன்னேன். நீ செய்யவில்லை, என் வீட்டுக்காரர் செய்தார், நான் உன்னை ஏசியது பிழை.

யோகன் ஒரு போல்ட்டைத் திருப்பிக்கொண்டே கேட்டான். பிறகு, "நானும் உங்களில சந்தேகப்பட்டனான், அக்கா" என்றான். "வேற பாஸ் ஒராளக் கொண்டு காட்டிறீங்க, அவன்தான் மாத்திறான், பழிய என்னில போடுறீங்க எண்டு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. மச்சானைப் பற்றி நான் நினைத்ததை அவனிடம் சொல்லவில்லை.

கம்பியில் பூட்டு ஒன்று போடலாமா என்று கேட்டேன். "அண்ணனப் படகில ஏத்துங்க. அது பூட்ட விட நல்லம்." இவரைத்தான் அண்ணன் என்கிறான்.

நாடி அடிபட்ட தாய்க்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

காற்றே இல்லை. வாவி எண்ணெய் மாதிரி.

இவரைக் கூப்பிட்டேன். கேட்கவில்லை, "வாங்க" என்று மட்டும் சொன்னேன். அங்கியை இறுக்கிக் கட்டி, முன் இருக்கையில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, ஊசி போட வந்த பிள்ளை மாதிரி இருந்தார். கம்பி மூன்றில். அவரையே பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

திறந்த தண்ணீருக்கு வந்ததும் விசையைக் கூட்டினேன். மூக்கு எழும்பியது. கண்ணை மூடிவிட்டார்.

"மூடாதீங்க. பாருங்க."

"எழும்புது, சுகந்தி!"

"எழும்பட்டும். பாருங்க."

இரண்டு மூச்சு இழுக்கிற நேரம்தான். மூக்கு படிந்தது. படகு தண்ணீர்மேல் ஏறி மட்டமாக ஓடத் தொடங்கியது. ஸ்டியரிங் ஒரு விரலில். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். பாலத்தில் நின்று பார்க்கும்போதும் இந்த எழும்பலோடு கண்ணை மூடிக்கொண்டு போய்விடுவாராம். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்று இன்றுதான் பார்க்கிறார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

கோபம் ஆறவில்லை. அது அவருக்கும் தெரியும். தன்னாமுனைப் பக்கம் வரை போனோம். திரும்பும்போது, அலைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, யோகனிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். எப்போது என்று கேட்டேன்.

"இப்ப. கரையில இறக்கி விடு."

பட்டறைப் பக்கம் திருப்பினேன்.