நாற்காலியில் உட்கார்ந்து மலையேறும் உன் அப்பா

எஸ்தான்சியா,
பிப்ரவரி 19.

அன்பு மகள் மரிச்சுவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் அப்பாவும் பன்றிகள் இரண்டும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை ரமிரோவும், நான் இன்னும் கையில் ஏந்தாத என் பேரனும் அந்த லா பாஸ் மலைமேல் மூச்சு முட்டாமல் இருக்கிறீர்களா என்று எழுது. போனில் கேட்டால் "நல்லா இருக்கோம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். நானும் போனில் எதுவும் விவரமாகச் சொல்ல முடிவதில்லை, ஸ்பீக்கரில் போடச் சொல்லி உன் அப்பா பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இப்போது அவர் வலை பார்க்கக் கடற்கரைக்குப் போயிருக்கிறார், அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

ஏப்ரலில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று நீ சொன்னாய் அல்லவா, கூடவே வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அப்பா, இது மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரம், ஏர்போர்ட் அதைவிட உசரம், இறங்கினதும் தலை சுத்தும், உங்களால முடியுமா?" என்றும் கேட்டுவிட்டாய். அந்த "முடியுமா" அவரை முள்ளாகக் குத்திவிட்டது. முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்து ஒருநாளும் வாந்தி எடுக்காத மனுஷன். மறுவாரமே அவர் வரவழைத்த ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே ஒரு குழாய், மூக்கையும் வாயையும் மூடுகிற ஒரு முகமூடி, வெள்ளை மணிகள் நிரப்பிய ஒரு ஜாடி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று எண் காட்ட விரலில் மாட்டுகிற ஒரு கிளிப். விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டுமாம், அதிலுள்ள கரியமில வாயுவை அந்த மணிகள் பிடித்துக்கொள்ளுமாம், பிராணவாயு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமாம், உடம்பு தான் மலைமேல் இருப்பதாக நம்பிவிடுமாம். ஐந்து நிமிஷம் அப்படி, ஐந்து நிமிஷம் சாதாரணக் காற்று, மறுபடி அப்படி. கூடவே இருபது பக்கத்துக்கு ஒரு புத்தகம் வந்தது, அதில் உன் அப்பா அட்டையை மட்டும் படித்தார். படியுங்கள் என்றேன். "பொறந்ததிலேர்ந்து மூச்சு விடறவனுக்கு மூச்சு விடப் புத்தகமா?" என்றார்.

நம் வீட்டு வாசலிலிருந்து அலை பதினைந்து அடி தூரம் என்று உனக்குத் தெரியும். அந்த வீட்டில், இந்த வெயிலில், கம்பளிச் சட்டையும் குல்லாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு உட்கார்ந்தது போதாதென்று நாற்காலியைச் சமையற்கட்டுக் கூரைமேல் ஏற்றிவிட்டார். நான் கீழேயிருந்து கத்தினேன். முகமூடியைக் கழற்றி, "நான் இப்போ ரெண்டாயிரத்து ஐநூறு மீட்டர்ல இருக்கேன் பிலோமினா, நீ கத்தறது இங்க கேக்காது" என்றார். கழற்றிவிட்டீர்களே, அப்படியானால் கீழே வந்தாயிற்றுதானே, இறங்குங்கள் என்றேன். முகமூடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு பெர்த்திங், ட்ரைசைக்கிள் ஓட்டுகிறானே, அவன் தினமும் வேலிக்கு வந்து நின்று, "அண்ணே, இன்னிக்கு எது வரைக்கும் ஏறினீங்க? வரும்போது ஐஸ் கொண்டாங்க, மீனுக்கு ஆகும்" என்று கேட்பான். இவர் அதற்கும் பெருமைப்பட்டுக்கொள்வார்.

சிரிப்பாக இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். ஒருநாள் முகமூடியோடு நடந்துகொண்டே பன்றிக்குத் தீனி வைக்கப் போனார். பன்றிகள் இந்த உருவத்தைக் கண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடின, அது வேறு கதை, பாதி ஊர் சேர்ந்து பிடித்தது. நான் போய்ப் பார்த்தபோது அவர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மிச்ச வேலியைப் பிடித்தபடி ஆடிக்கொண்டிருந்தார், உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. என்ன ஆச்சு என்றால், "நான் ஆடலை, வேலிதான் ஆடுது" என்கிறார். அன்று சாயங்காலம் முகமூடியை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். அவர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த இரண்டு நாளில்தான் நான் புத்தகத்தை வரி விடாமல் படித்து முடித்தேன்.

அப்புறம் ஊர்த் திருவிழா வந்தது. கல்யாணமான ஆம்பிளைகள் பெண் வேஷம் கட்டும் அழகிப் போட்டியில் உன் அப்பா ஐந்து வருஷமாக இரண்டாவது இடம், இந்த வருஷம் விடுவதில்லை என்று சபதம். பச்சை ஜிகினா வைத்து நானே கவுன் தைத்தேன், பத்து விரலுக்கும் கருநீல நகப்பூச்சு மூன்று பூச்சு பூசினேன். போட்டிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, இன்றைய பயிற்சி தவறக் கூடாது என்று கவுனும் சவுரியுமாக முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சரி, கிளிப்பையாவது மாட்டுங்கள் என்று நானே விரலில் மாட்டினேன். எழுபத்தொன்று காட்டியது. பிறகு அறுபத்து நாலு. எண்பதுக்குக் கீழே போகவே கூடாது என்று புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பிடுங்கினேன் பார், முகமூடியோடு சவுரியும் கையில் வந்துவிட்டது. அப்படியும் எண் ஏறவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லடி" என்றார் அவர். எனக்கு அது சாகப்போகிறவன் சொல்லும் ஆறுதல் போலக் கேட்டது. பெர்த்திங்கின் வண்டியில் திணித்தோம், கவுன் பாதி வெளியே தொங்கியது. தெருவில் நின்ற பேண்டு வாத்தியக்காரர்கள் ஊர்வலம் தொடங்கிவிட்டது என்று நினைத்து, டிரம் அடித்துக்கொண்டு சுகாதார நிலையம் வரை பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

அங்கே டாக்டர் சுமகாய்சாய் என்று ஒரு சின்னப் பெண். உன் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பஞ்சில் மருந்து நனைத்து ஒரே ஒரு நகத்தைத் துடைத்துவிட்டுக் கிளிப்பை மாட்டினாள். தொண்ணூற்றெட்டு! அந்தக் கிளிப் வெளிச்சத்தை நகம் வழியாக விட்டுத்தான் எண்ணுமாம், அடர்த்தியான பூச்சு அதை ஏமாற்றிவிட்டதாம். பேண்டுக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்தீர்கள் என்று கேட்டாள், நான் பன்றிக் கதையைச் சொன்னேன். "தாத்தா, இன்னிக்கு நகப்பூச்சுதான் பொய் சொல்லிச்சு. அன்னிக்கு வேலியைப் பிடிச்சீங்களே, அப்போ விரல்ல கிளிப்பே இல்லை. பக்கத்துல ஆளும் இல்லை. அன்னிக்குத்தான் நீங்க போயிருப்பீங்க" என்றாள்.

மரிச்சு, உன் அப்பா அந்தப் பச்சை கவுனில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை நான் சொல்லி முடியாது. மெதுவாகச் சொன்னார்: "பேரனை ஒரு தடவை தூக்கணும் டாக்டர். தூக்கும்போது எல்லார் முன்னாடியும் மயங்கி விழுந்து எம் பொண்ணுக்கு அவமானமாயிடக் கூடாது. அதுக்குத்தான்." முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்தவளுக்கு இது தெரியவில்லை. அவர் கண்ணில் மை கரைந்து கன்னமெல்லாம் ஓடியது. (போட்டிக்குப் போனோம். அப்படியே போய் நின்றார். இந்த வருஷமும் இரண்டாவதுதான்.)

டாக்டர் இரத்த அழுத்தம் பார்த்து, நகரத்துக்கு அனுப்பி இருதயத்தையும் சோதிக்க வைத்து, எல்லாம் சரி என்று வந்த பிறகுதான், அதுவரை நான் பூட்டி வைத்திருந்த முகமூடியை அவருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள். கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும், நடக்கக் கூடாது, தனியாக ஒருநாளும் கூடாது, வயிறு நிறையத் தின்ற பிறகோ கள் குடித்த பிறகோ சளி பிடித்திருக்கும்போதோ தொடவே கூடாது, எண்பத்தைந்துக்குக் கீழே எண் இறங்கினால் கழற்றிவிட வேண்டும், மணிகள் நிறம் மாறினால் அன்றைக்கே மாற்ற வேண்டும், ஒரு நாளைக்கு ஆறு சுற்று, அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது. இவ்வளவு செய்தாலும் உடம்பு கொஞ்சம்தான் பழகும், இதை நம்பி ஒரேயடியாக மேலே போய் இறங்காதீர்கள் என்றும் சொன்னாள். அதனால் நீயும் மாப்பிள்ளையும் ஒன்று செய்யுங்கள், முதலில் நாங்கள் கொச்சபாம்பாவில் ஒரு வாரம் தங்குகிறோம், அது உங்களைவிட ஆயிரம் மீட்டர் தாழ்வாம், அதற்கு ஏற்பாடு செய். தலைவலி நிற்காவிட்டால் அவரை அதற்குமேல் ஏற்றவே கூடாது, நீங்கள் பிள்ளையோடு கீழே இறங்கி வாருங்கள். அப்பா கோபப்பட்டால் படட்டும்.

இப்போது தினம் காலையில் ஒரு மணி நேரம் அவர் நாற்காலியில், நான் பக்கத்தில் முக்காலியில், ஒரு கண் எண்மேல், ஒரு கண் கடிகாரத்தின்மேல். கல்யாணமான நாளாக என் எதிரே ஐந்து நிமிஷம் வாய் மூடி உட்கார்ந்தவரில்லை, இப்போது முகமூடி போட்டால் தலையை ஆட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நான் எல்லாவற்றையும் சொல்கிறேன். நீ பிறந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தாரே, அன்று நான் தனியாக என்ன பட்டேன் என்பதைக்கூடச் சொன்னேன், முன்பு ஒருநாளும் சொன்னதில்லை. நேற்று அதைப் பாதியில் நிறுத்தும்படி ஆறாவது சுற்று முடிந்துவிட்டது. "இன்னும் ஒரு சுற்று போடலாமா, நீ சொல்லி முடிக்கலையே" என்றார். கூடாது, டாக்டர் சொன்னது ஆறுதான் என்றேன். சரி என்று முகமூடியைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். எழுந்து போவார் என்று பார்த்தேன். போகவில்லை. வாயைத் திறக்காமல், அரை மணி நேரம், அப்படியே உட்கார்ந்து கேட்டார்.

பிள்ளையைக் குளிரில் வெளியே கொண்டுபோகாதே, நீ வேளைக்குச் சாப்பிடு. கருவாடு கொண்டுவர அங்கே விடுவார்களா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. அப்பா அழுததை நான் எழுதியதாக போனில் உளறிவிடாதே. உங்கள் மூன்று பேர் தலைமேலும் மாதாவின் கை இருக்கட்டும், அதற்குமேல் என் கையும்.

அதோ அப்பா வருகிறார், முடிக்கிறேன்.

உன் அம்மா,
பிலோமினா