உன்னிடம் கொடுத்த மூன்று கத்திகள்

இன்று காலை டூல் பையைத் தரையில் கவிழ்த்துத் தட்டினேன். வயர் துணுக்குகள், துருப்பிடித்த ஸ்க்ரூக்கள், பாதி தீர்ந்த டேப். அவற்றோடு முனை உடைந்த மடக்குக் கத்தியும் விழுந்தது. அதன் கீல் இடுக்கில் பச்சை பெயின்ட் இன்னும் இறுகிக் கிடக்கிறது. மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு பெயின்ட் தின்னர் வாசனை இருக்க வழியில்லை. ஆனாலும் எனக்கு அடித்தது. வேலைக்குக் கிளம்ப வேண்டியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

தென்காசியிலிருந்து ஒரே பஸ்ஸில் கொச்சிக்கு வந்தோம். எனக்கு வயரிங் தெரியும், உனக்கு பெயின்ட் அடிக்கத் தெரியும். மட்டாஞ்சேரியில் ஒரே அறையில் இரண்டு வருடம் கிடந்தோம். கல்யாணம் ஆனபின் ஒரே சந்தில் எதிரெதிர் வீடு பிடித்தோம். ஃபோர்ட் கொச்சியில் பழைய வீடுகளையெல்லாம் தங்கும் விடுதிகளாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. நான் சுவரைக் கொத்தி வயர் இழுத்துவிட்டுப் போவேன். பின்னாலேயே நீ வந்து நான் கொத்திய இடத்தையெல்லாம் பூசி மறைப்பாய்.

எனக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. கத்தி ஒன்றுதான் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை கல்லில் தீட்டி, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துணியால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டால்தான் அந்த வாரம் எனக்கு நன்றாக இருக்கும். எதிர்வீட்டு வாசலில் சாயா குடித்துக்கொண்டே நீ அதைப் பார்ப்பாய். "கட்டுன பொண்டாட்டியைக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டே" என்பாய்.

முதல் கத்தியைக் கோயம்புத்தூரில் வாங்கினேன். ஒரு நிமிடம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவன், பெயின்ட் டப்பாவின் மூடியை அதை வைத்து நெம்பியிருக்கிறாய். முனை போய்விட்டது. மறுநாள் சாயங்காலம், பெயின்டைக்கூடத் துடைக்காமல், என் கையில் வைத்து "சாரமில்லடே" என்றாய். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் சொல்லும் சொல். நீ இந்த ஊரில் கற்றுக்கொண்ட முதல் சொல்லும் அதுதான். பறிகொடுத்தவன் பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டியதை அவனுக்கு முந்தி நீயே சொல்லிவிடுவாய். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாவது கத்தி என் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது. உன் கையில் தரக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு மே மாதம் வைப்பின் தீவுக்குப் போகும் படகில் நின்றுகொண்டிருந்தோம். உன்னிடம் ஒரு மாங்காய் இருந்தது. தோலைச் சீவித் தருகிறேன் என்று கேட்டாய், நானும் கொடுத்துத் தொலைத்தேன். கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி பாதி சீவியிருப்பாய். கத்தி உன் விரல்களுக்கிடையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. படகு குலுங்கவில்லை, யாரும் இடிக்கவில்லை. நீ குனிந்து தண்ணீரைப் பார்க்காமல் உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு நீ சாரமில்ல என்று சொல்லவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. கோபத்தில் கரை வரும்வரை உன் பக்கம் திரும்பவேயில்லை. ஒரு மாதம் உன்னோடு பேசவுமில்லை.

மூன்றாவது கத்தி வந்தது அந்த மழைக்காலத்தில். ஒரு விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டு அம்மா, ஓடாத ஃபேனைச் சரிசெய்து கொடுத்ததற்காகப் போகும்போது என் கையில் வைத்துவிட்டுப் போனார். கருஞ்சிவப்பு மரப்பிடி. திறந்தால் மெல்லிய ஒரு சொடுக்கு. அப்படி ஒரு கத்தியை அதற்கு முன்னும் பின்னும் நான் தொட்டதில்லை.

அதைத்தான் நீ அக்டோபரில் கேட்டாய். பஜார் ரோட்டுப் பக்கம் இரண்டு மாடிக் கட்டடம், முன்பக்கம் முழுக்கச் சாரம் கட்டியிருந்தது. ஜன்னலில் ஒட்டிய டேப்பை அறுக்க வேண்டும் என்றாய். நான் மாட்டேன் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். எல்லோரும் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள், மேஸ்திரியும் இருந்தார். அவரிடம் திரும்பிச் சொன்னேன்:

"இவன் கையில ஒண்ணும் குடுக்காதீங்க மேஸ்திரி. பிடிச்சதை எல்லாம் கீழ போடுறவன்."

சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். மேஸ்திரி மட்டும் சிரிக்காமல் உன் கையைப் பார்த்தார். அந்த வாரத்தில் மேலேயிருந்து உன் பிரஷ் மூன்று முறை விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். நான் சொன்னபிறகுதான் அவருக்கு எல்லாம் சேர்ந்து புரிந்திருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை உன்னைச் சாரத்தில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். கீழே நின்று சுவர் சுரண்டும் வேலை கொடுத்தார். கொஞ்ச நாளில் அதற்கும் கூப்பிடவில்லை. சாரத்தில் ஏற விடாத அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நீ சொன்னாய், "இனிமே எனக்கு நிஜமாவே சாரமில்லடே." நான் அந்த வேடிக்கைக்குச் சிரித்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

டிசம்பரில் ஒரு நாள் உன் மனைவி செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுக்குக் கிடங்கில் வேலை முடித்து நேராக வந்திருந்தாள், உடுப்பெல்லாம் அந்தத் தூசி. என் மனைவி கொடுத்த தண்ணீரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"அண்ணே, அவருக்குச் சட்டைப் பொத்தான் போட வரல. மே மாசத்துலேருந்தே நான்தான் போட்டுவிடுதேன். உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

மே மாதம் என்றதும் எனக்குப் படகு ஞாபகம் வந்தது. நீ கையையே பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது.

எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்கு உன்னை அழைத்துப் போனது நான்தான். நரம்பு ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகிற வியாதி, கையில் தொடங்கியிருக்கிறது, மெதுவாக மற்ற இடங்களுக்கும் போகும் என்று டாக்டர் சொன்னார். மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று திரும்பும் வழியில் உன்னைக் கேட்டேன். தெரிந்தால் வேலை போய்விடும், ஊரில் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்றாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அலட்சியக்காரன் என்று நான் திட்டுவது உனக்கு வசதியாக இருந்தது என்றாய். நோயாளி என்று நான் பார்ப்பதைவிட அது மேல் என்று தோன்றியதாம்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தீட்டுக்கல்லை உன் வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஒரு நாள் அந்த மரப்பிடிக் கத்தியை எடுத்து, பிடியைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிடி வாழைக்காய் கனத்துக்கு வரும்வரை. நீ பதறிப்போனாய்.

"என்னடே செய்யுதே? அவ்வளவு அழகான பிடியில போயி."

"உன் கைக்கு மெலிசா இருக்குல்லா. பிடிச்சுப் பாரு."

செல்வி கொய்யாப்பழம் கொண்டுவந்து வைத்தாள். மூன்று முறை கத்தி தரையில் விழுந்தது. மூன்று முறையும் எடுத்துக் கொடுத்தேன். நாலாவது முறை பழத்தை இரண்டாக நறுக்கிவிட்டாய். வளைந்து நெளிந்த வெட்டு. பெரிய பாதியை எனக்குத் தந்தாய். கிளம்பும்போது கத்தியை உன்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"தொலைச்சிருவேன்லா" என்றாய்.

"தொலைச்சுக்கோ."

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உனக்கு அழத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மேஸ்திரியிடம் நான் சொன்னதைப் பற்றிப் பேச ஒரு வருடம் ஆயிற்று எனக்கு. அதற்குள் உன் பேச்சும் குழறத் தொடங்கியிருந்தது. என் வாயால்தான் உன் வேலை போனது என்றேன். நீ நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னாய்: "நீ சொல்லலன்னா அடுத்த வாரம் மேலேருந்து விழுந்திருப்பேன்." அது உண்மைதானா, எனக்காகச் சொன்னதா, எனக்கு இன்னும் தெரியாது. முதல் கத்தி உன் அலட்சியத்தால் உடைந்தது, அதில் சந்தேகமில்லை. இரண்டாவதை விட்டது உன் கை. ஆனால் என் நாக்கில் எந்த நரம்பும் சோரவில்லை. அதற்கு நான் எந்த டாக்டரைக் காரணம் காட்டுவேன்?

கடைசி மாதங்களில் உன்னால் கத்தியைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் தலைமாட்டில் அது இருக்க வேண்டும் என்பாய் என்று செல்வி சொன்னாள். எல்லாம் முடிந்து பதினாறாம் நாள் அவள் அதைத் துடைத்து எடுத்துவந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. இப்போது கிடங்கில் மூட்டைத் தையலை அறுக்க அவள் அதைத்தான் வைத்திருக்கிறாள். டேப்பை ஏன் உரித்துவிடவில்லை என்று கேட்டேன். பிடிக்க வசதியாக இருக்கிறது என்றாள்.

நீ இருந்தவரை எனக்கு ஒரு பழக்கம். யார் கையிலிருந்து எது விழுந்தாலும் முதலில் விழுந்ததைத்தான் பார்ப்பேன், உடைந்ததா, கீறியதா என்று. அது போய்விட்டது. போன வாரம் காக்கநாட்டில் ஓர் அடுக்குமாடியில் வேலை. கூட இருந்த வங்காளிக்காரன் கட்டிங் பிளேயரை ஒரே காலையில் இரண்டு முறை கீழே போட்டான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். நான் ஏணியிலிருந்து இறங்கி, தனியாக அழைத்துப்போய், என் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பந்தயம் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, சிரித்தபடியே பலம்கொண்ட மட்டும் நெரித்தான்.

நல்ல பிடி. அன்று முழுக்க எனக்கு விரல் வலித்தது. அந்த வலியோடு நான் எவ்வளவு நிம்மதியாக வீடு திரும்பினேன் என்பதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.