முட்டை வண்டி, எண் 218

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று கண்காட்சி. வழக்கம்போல் எங்கள் முட்டையைச் சுற்றித்தான் கூட்டம். முட்டை வடிவக் குட்டிக் கார்: மூன்று சக்கரம், முகத்தில் ஒரே ஒரு கதவு, உள்ளே ஒன்றரை ஆளுக்கு இடம். ஒருவர் வந்து, "உள்ள உட்கார்ந்தா குஞ்சு பொரிக்குமா சார்?" என்றார். பத்தொன்பது வருடமாக யாராவது ஒருவர் கேட்கிற கேள்வி. அண்ணன் இப்போதுதான் முதல்முறை கேட்பவன்போல விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் பத்து நிமிடம் நிற்கவில்லை.

பிறகு நடுவர் வந்தார். பழைய கார்ச் சங்கத்தின் பதிவேட்டை வைத்திருப்பவரும் அவர்தான். குனிந்து பார்த்து அட்டையில் எழுதினார்: "வண்டி எண் 218. அந்நிய இன்ஜின்." இதுவும் பத்தொன்பது வருடமாக அதே வரி. இந்த வண்டிகளைச் செய்த ஆலையில் வண்டிக்கும் அதன் இன்ஜினுக்கும் ஒரே எண்ணை அடித்து அனுப்புவார்களாம். அண்ணன் வாங்கும்போதே 218க்கு இன்ஜின் இல்லை. பம்ப்செட் இன்ஜின் ஒன்றைப் பொருத்தி ஓட்டுகிறான். சொந்த இன்ஜின் எங்கே கிடக்கிறதோ. அதைத் தேடித்தான் இத்தனை கண்காட்சி, இத்தனை ஏலம். பழைய பாகம் விற்கிற வரிசையில் நாங்கள் இருவரும் குப்பை கிளறுகிற கோழிகள் மாதிரி எண் பார்த்துக்கொண்டே போவோம். அண்ணி போன பிறகு எங்கள் இருவருக்கும் வேறு என்ன ஊர்சுற்றல் இருக்கிறது?

இன்று பாதி வரிசையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நீ பார்த்துட்டு வா" என்றான். இதற்குமுன் அவன் அப்படிச் சொன்னதே இல்லை.

பிப்ரவரி 20

நெஞ்சு டாக்டர் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார். பஸ் டிப்போவில் நாற்பது வருடம் பெயின்ட் தேய்த்த தூசி, இரண்டு நுரையீரலிலும். "இந்த வருஷக் கடைசி வரைக்கும்னு என்னால சொல்ல முடியலம்மா."

வெளியே வந்தேன். "என்னவாம்?"

"சிகரெட்டை விடணுமாம்."

"நான் எப்பப் பிடிச்சேன்?"

"அதான் எனக்கும் புரியல."

சிரித்தான். முட்டாள் இல்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது. வரும் வழியில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்த வண்டி அதோட சொந்த இன்ஜின்ல ஓடுற சத்தத்தை ஒரு தடவை கேட்டுட்டா போதும், வாலு. அப்புறம் எப்ப வேணா கிளம்பலாம்." ஐம்பத்தாறு வயதுக்காரியை வாலு என்று கூப்பிட உலகத்தில் இவன் ஒருத்தன்தான் மிச்சம்.

மார்ச் 2, ஞாயிறு

முதல்முறையாகத் தனியாகக் கண்காட்சிக்குப் போனேன். அவனுக்கு மூச்சு வாங்கியது, வரவில்லை. கடைசி வரிசையில், சாக்கின்மேல், அதே ஆலையின் இன்ஜின் ஒன்று! கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "அதே மாடல்தாம்மா. ஆனா நம்பர் இருந்த இடம் துரு அரிச்சு மொழுமொழுன்னு ஆயிடுச்சு. எந்த வண்டியோடதுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

வாங்கிவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று இப்போது எழுத வேண்டாம்.

மார்ச் 5, புதன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

அண்ணன் மருந்து குடித்துவிட்டு மத்தியானம் தூங்கினான். இரும்பில் எண் அடிக்கிற பஞ்ச் உளிகளை அவன் கருவிப் பெட்டியிலிருந்தே எடுத்தேன். அவன்தான் ஒரு காலத்தில் எனக்கு இதைப் பழக்கினான் — ஒரே அடி, இரண்டாவது அடி அடித்தால் நிழல் விழும். 2. 1. 8. பேட்டரி ஆசிட்டைத் துணியில் தொட்டுத் தடவினேன். உப்புத் தண்ணீர். வெயிலில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் அறுபது வருடத்துத் துரு.

அச்சகத்தில் இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர் பிழையைத் திருத்திச் சோறு தின்கிறவள் நான். கை நடுங்கவே இல்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

யாருக்கு நஷ்டம்? விற்கப்போகிறோமா? இல்லை. ஒரு மனுஷன் நிம்மதியாகக் கண்ணை மூடட்டும். அவ்வளவுதானே?

மார்ச் 6

அண்ணன் விரலால் எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதான்.

மார்ச் 27

மூன்று வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பொருத்தினான். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற சித்தாள். இன்று காலை உயிர் வந்தது. தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம். ஆக்சிஜன் குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்டான். "என்ன இருந்தாலும் சொந்தம் சொந்தம்தான், பார்த்தியா? பம்ப்செட்டுல இந்தக் குழைவு வருமா?"

வராது அண்ணா, என்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கண்காட்சிக்குப் பதிவேட்டுக்காரர் பூதக்கண்ணாடியும் டார்ச்சும் கொண்டுவந்திருந்தார். நான் அண்ணன் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் ஒரு கணம்தான் எட்டிப் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வேற யாராவதா இருந்தா மணிக்கணக்கா சோதிப்பேன். உங்க அண்ணன் ஒரு போல்ட் மாத்தினாக்கூட மாத்திட்டேன்னு சொல்ற ஆளு. அவர் கைப்பட்டதை நான் சோதிச்சா அது எனக்குத்தான் அசிங்கம்."

எழுதினார்: 218, அசல் இன்ஜினுடன், உறுதி செய்யப்பட்டது.

நான் இன்ஜினில்தான் பொய் அடித்ததாக நினைத்திருந்தேன். அவர் அண்ணனை நம்பியல்லவா எழுதினார்! வண்டியைச் சுற்றிக் கைதட்டல். அண்ணன் எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அசல் வண்டிக்குத் தருகிற பச்சை ரிப்பனை அவன் சட்டையில் குத்தினார்கள்.

ஏப்ரல் 14

ரிப்பனைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டிவிட்டான். நான் இடம் மாறி உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

சனிக்கிழமை ஏலம். பொருட்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள், இன்று நான் மட்டும் போனேன். அண்ணன் கட்டிலை விட்டு இறங்கி ஒரு வாரம் ஆகிறது. "என்னென்ன வந்திருக்குன்னு எழுதிட்டு வா" என்றான்.

மூலையில் ஒரு இன்ஜின். கம்பளியில் சுற்றி, எண்ணெய் பூசி, பச்சைக் குழந்தைபோலக் காப்பாற்றி வைத்தது. எண்ணைப் பார்த்தேன். 218. துருவே இல்லாத, ஆலையில் அடித்த 218.

பக்கத்தில் ஒரு அட்டை: "எண் சந்தேகத்துக்குரியது. இதே எண்ணுள்ள அசல் இன்ஜின் பதிவேட்டில் உறுதி செய்யப்பட்டுள்ளது."

அருகே ஒரு வயதான அம்மாள் ஸ்டூல்மேல் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே பேச்சு. "எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் பாதுகாத்தாரு. எங்கயோ இதோட வண்டி இருக்கும், ஒருநாள் தேடிக்கிட்டு வருவாங்கன்னு சொல்லிட்டே இருப்பாரு. அவரு போலி அடிக்கிற ஆளு இல்லைங்க. நீங்களே சொல்லுங்க, அப்படித் தெரியுதா?" ஒரு ஆள் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் எண்ணைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று — போலி என்று அட்டை இருப்பதால் யாரும் கேட்கமாட்டார்கள், நான் ஒருத்தி கை தூக்கினால் போதும், சனிக்கிழமையே அசல் நம் வீட்டுக்கு வந்துவிடும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சீ! நானெல்லாம் ஒரு மனுஷியா?

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பஞ்ச், ஆசிட், உப்புத் தண்ணீர் வரைக்கும். திட்டியிருந்தால் தேவலை. ஒன்றுதான் கேட்டான்: "அந்த அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"முதல்ல அங்க போ. எங்கிட்ட அப்புறம் பேசிக்கலாம்."

"அண்ணா, உனக்காகத்தான்—"

"அப்புறம்னு சொன்னேன்ல?"

ரிப்பனைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன்.

ஜூன் 13, வெள்ளி

அந்த அம்மாள் வீடு மூன்று மணிநேரத் தொலைவு. வாசலிலேயே நின்று சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன்? "எங்க வீட்டுல அடிச்சது" என்று. "நாங்க செஞ்ச தப்பு" என்று. நான் அடித்தேன் என்று வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டு போனவளுக்கு அங்கே நாக்கு புரளவில்லை.

அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. "ஊரே சிரிச்சுதே அவரை. செத்துப்போன மனுஷன் வந்து பதில் சொல்லுவாரா?" என்றார். கேட்கட்டும், இன்னும் கேட்கட்டும் என்று நின்றேன்.

அங்கிருந்தே ஏலக் கூடத்துக்கு போன் போட்டேன். "ஏற்கெனவே திருத்திட்டோம்மா. பதிவேட்டுக்காரர் காலையிலயே சொல்லிட்டாரு" என்றார்கள்.

அப்படியென்றால் அண்ணன் அவருக்குப் பேசிவிட்டான். என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டான். செய்யட்டும், செய்ய வேண்டியதுதான். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது மனசு ஆறவில்லை. கூடவே ஒரு அற்ப நிம்மதி: பதிவேட்டுக்காரர் முகத்தில் நான் போய் விழிக்க வேண்டியதில்லை.

வீடு பூட்டியிருந்தது. மாடி வீட்டுக்காரர் சாவியோடு இறங்கி வந்தார். மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். கட்டில்மேல் போன் மல்லாந்து கிடந்தது.

ஜூன் 14, சனி

தொண்டையில் குழாய். கண் திறக்கவில்லை. "சொல்லிட்டேண்ணா, போய்ச் சொல்லிட்டேன்" என்று காதில் சொன்னேன். நர்ஸ், "கேக்கும், பேசுங்க" என்றாள். கேட்டதா?

மாலை அந்த அம்மாள் போன் செய்தார். ஏலக்காரர் எழுந்து நின்று, இதுதான் அசல், இவர் கணவர்மேல் பழி வந்ததற்கு மன்னிக்கவும் என்றாராம். கூடமே கைதட்டியதாம். இன்ஜின் கடல் தாண்டி யாருக்கோ போய்விட்டது. குரலில் கோபம் இல்லை. "உங்க அண்ணன் எப்படி இருக்காரு?" என்றார். "இன்னும் கண் திறக்கல" என்றேன்.

ஜூன் 17

காலை ஆறு பத்துக்கு.

அப்புறம் பேசிக்கலாம் என்றாயே.

ஜூன் 18

சங்கத்திலிருந்து எட்டுப்பேர் வந்தார்கள். பதிவேட்டுக்காரரும் வந்தார். என்னைப் பார்த்துக் கண் கலங்கி, "தைரியமா இருங்கம்மா" என்றார். திருட்டு வேலை பார்த்தவளிடம் எதற்கு இத்தனை பரிவு? அண்ணன் பக்கம்தான் திரும்பவே இல்லை. வாசலோடு போய்விட்டார். பிணத்தைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3

முட்டையின்மேல் போர்வை போட்டு மூடிவிட்டேன். என்மேல் இருந்த கோபத்தோடே போய்விட்டான். நியாயம்தான். ஆனால் ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அக்டோபர் 21

சங்கத்தின் புதிய பதிவேடு தபாலில் வந்தது. அச்சடித்த புத்தகம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. பழக்க தோஷம், பிழை பார்க்கிற கண்ணோடு புரட்டினேன். என் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தேடினேன். இல்லை. 218க்குக் கீழே இப்படி இருந்தது:

"இன்ஜின் எண் போலி. தானே அடித்ததாக உரிமையாளர் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். பிற வண்டிகளுக்கு அவர் அளித்த சான்றுகளும் விலக்கப்படுகின்றன."

உரிமையாளர்.

நாலு முறை படித்தேன். ஐந்தாவது முறை எழுத்து தெரியவில்லை. பாவி, என்ன காரியம் செய்தாய்? ஒரு போல்ட் மாற்றினால்கூடச் சொல்கிற ஆளாயிற்றே நீ!

அக்டோபர் 22

காலையில் முதல் ஆளாகப் பதிவேட்டுக்காரர் வீட்டு வாசலில் நின்றேன். அவன் அடிக்கவில்லை, நான்தான் அடித்தேன் என்றேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். "அவரே பேசினாரும்மா. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கிச்சு. ஆசிட், உப்புத் தண்ணி எல்லாம் சொன்னாரு. பஞ்ச்கூடத் தன்னோடதுன்னாரு."

"நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்! அந்த அம்மாவைக் கேளுங்க."

"கேட்டேன். எங்க வீட்டுல அடிச்சதுன்னு தங்கச்சி வந்து சொல்லுச்சுன்னாங்க. அண்ணனைச் சொல்ல உங்களுக்கு மனசு வரலை, புரியுது." கொஞ்சநேரம் கையைப் பிசைந்தார். "உங்களைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, கண்காட்சியில அவளை யாரும் ஒரு மாதிரி பார்த்துடாதீங்கன்னு."

நான்தான் அடித்தேன் என்று மறுபடி சொன்னேன். கத்தியே சொன்னேன். அவர் மனைவி உள்ளிருந்து வந்து என் முதுகைத் தடவினார். "அண்ணன்மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று அவரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.