பன்னிரண்டு சிவப்பு ஓரங்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. போனில் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் பார்சலுக்குள் இந்தக் காகிதம்.

உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கேட்ட முப்பது பேட்ஜும் வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் டிரைவர்களின் வெள்ளைச் சட்டைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று சிவப்பு ஓரம். துணியை முன்பே நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுத்தான் தைத்தேன், இனிச் சுருங்காது. பின்னால் கெட்டி கேன்வாஸ். ஓரத்தில் துணி தெரியாதபடி மெஷினில் சிவப்பு நூலை இரண்டு சுற்று நெருக்கி ஓட்டியிருக்கிறேன். வீட்டில் தைத்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்றாள் அம்மா. அவள் பாராட்டினால் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் பெயரைக் காப்பாற்றினேனா என்று எழுது.

உன் தங்கை

மார்ச் 6

என் ஊமைக்கோட்டானுக்கு,

பார்சல் கிடைத்தது. ஆஸ்பத்திரி ஸ்டோர்காரர் ஒரு பேட்ஜை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு நூல் எழும்பவில்லை. நாளையே சட்டைகளில் தைக்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை எல்லாம் எங்கள் சலவைக்கூடத்துக் கொதிநீரில் இறங்கும். தாக்குப்பிடித்தால் நர்சுகளுக்கு இருநூறு பேட்ஜ் உனக்கே என்கிறார்.

நீ பள்ளியை விட்டபோது ஆறு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். பரீட்சையை எழுதியிருக்கலாம் என்று இன்றும் சொல்வேன். நீ காதில் வாங்கமாட்டாய். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 8

அக்கா,

பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். உடனே படி. பன்னிரண்டு பேட்ஜைக் கொதிநீரில் போடாதே.

பதினெட்டு முடிந்ததும் சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. நூல்கடைக்காரர் வேறொரு உருளை கொடுத்து, அதே பாலியஸ்டர்தான் என்றார். பாலியஸ்டர் நுனியைத் தீக்குச்சியில் காட்டினால் உருகிப் பிடித்துக்கொள்ளும். அப்படித்தான் நான் முடிப்பேன். இது உருகவில்லை, கருகிச் சாம்பலாக உதிர்ந்தது. பருத்தி என்று அப்போதே எனக்குத் தெரியும். திரும்பிப் போய் அவரிடம் பேச வேண்டுமே என்று கூசி, தைத்து முடித்துவிட்டேன். உன் கடிதம் வந்ததும் மிச்ச நூலை வெள்ளைத் துணியில் தைத்துக் கொதிக்கவைத்தேன். துணி முழுக்கச் சிவப்பு.

ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு ஓரத்தையும் தேய்த்துப் பார். சாயம் ஒட்டினால் பிரித்துவிடு.

இன்று கடைக்குப் போனேன். உள்ளே மூன்று பேர் நின்றார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்தால் ஓடிவிடுவேன் என்று தோன்றியது, அதனால் அவர்கள் முன்னாலேயே சொன்னேன். பாதி தைத்துவிட்டு வந்து மாற்றச் சொல்கிறாயே பாப்பா என்றார் கடைக்காரர். "மாத்த வேணாங்க. இது பருத்தின்னு ஒத்துக்கிட்டு, நல்ல நூலாக் காசுக்கே குடுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் வேறு பெட்டி எடுத்துவந்தார்.

புதனுக்குள் புதிய பன்னிரண்டும் வரும். திட்டு, ஆனால் முதலில் தேய்.

தங்கை

மார்ச் 10

தங்கச்சிக்கு,

மூச்சு விடு. ஒரு சட்டையும் கெடவில்லை.

உன் கடிதம் வந்தபோது சட்டைகள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. நானும் இஸ்திரிக்காரரும் உட்கார்ந்து தேய்த்தோம். பதினொன்று சிக்கின. பன்னிரண்டாவது ஒரு டிரைவர் தோளில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று, வண்டி வந்ததும் சட்டையைக் கழற்றச் சொன்னேன். "நடுரோட்டுலயா தாயி?" என்று கேட்டுக்கொண்டே கழற்றினார். தேய்த்தேன், சிவந்தது. அப்புறம்தான் எனக்குத் தண்ணீர் உள்ளே இறங்கியது.

தெரிந்தே தைத்தாயே என்று ஒரு பக்கம் திட்டி எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஸ்டோர்காரரிடம் உன் கடிதத்தையே, மேல்வரியையும் கையெழுத்தையும் மடித்து மறைத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். புதிய பன்னிரண்டும் கொதிநீரைத் தாண்டட்டும், மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, இப்படி எழுதிச் சொல்கிற ஆள் யார் என்று கேட்டார்.

இதுவரை பேட்ஜ் தைப்பது தெரிந்த இடம் என்று மட்டுமே சொல்லிவைத்திருந்தேன். என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம். உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

"என் தங்கச்சி சார்" என்றேன்.

உன் அக்கா