எந்தக் கடிகாரத்தின் கீழே

மார்ச் 11, செவ்வாய்

இன்று மூன்று பார்சல். இரண்டு பெண்கள் சொன்ன நேரத்துக்கு வந்து வாங்கிக்கொண்டார்கள். மூன்றாமவள் வரவே இல்லை. நான் வீடு திரும்பிய பிறகு, "ஐயோ நேனி, மறந்தே போயிட்டேன்" என்று ஒரு செய்தி. கூடவே ஒரு அழுமூஞ்சிப் படம். அந்த மூஞ்சியைக் கடையில் நீட்டினால் தக்காளி தருவார்களா?

போனில் துணி விற்று, மெட்ரோ நிலையங்களில் கொண்டுபோய்க் கொடுக்கிற எங்களை இந்த மெக்சிகோ நகரமே 'நேனி' என்று கேலி செய்கிறது. வாங்க வருகிறவளை 'நேனி, செல்லம்' என்று கொஞ்சுகிறோமாம். கொஞ்சாமல் விற்றுப் பார்க்கட்டுமே.

சாப்பிடும்போது ஃபெர்மின் ஆரம்பித்தான். குளிர்பெட்டி பழுது பார்க்கிற என் புருஷனுக்கு, நாம் பேசுவதையெல்லாம் போன் ஒட்டுக்கேட்கிறது என்று திடமான நம்பிக்கை. போன வாரம் முழங்கால் வலி என்று முனகினானாம், மறுநாளே தைல விளம்பரம் வந்ததாம். அதிலிருந்து, வீட்டு விஷயம் பேசுவதென்றால் முதலில் இரண்டு போனையும் எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்து மூடுகிறான். நேற்று என் போன் பாலாடைக்கட்டிக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தது. உன் வயசில் எல்லாருக்கும் முழங்கால் வலிக்கும், அதைத் தெரிந்துகொள்ள ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை என்றேன். விஞ்ஞானம் உனக்குப் புரியாது என்கிறான். யார் சொல்வது பார்!

மார்ச் 14, வெள்ளி

வசந்த விழா நெருங்குகிறது. மழலைப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் பூவாகவும் முயலாகவும் வேஷம் கட்ட வேண்டும், அம்மாக்கள் கடைசி நிமிஷத்தில்தான் விழித்துக்கொள்வார்கள். மிக்ஸ்கால்கோ துணிச் சந்தைக்கு விடியற்காலையே போய் வேஷங்களை அள்ளி வந்தேன். வண்ணத்துப்பூச்சி எல்லாம் போய்விட்டது. தேனீ ஒன்று மிச்சம் இருந்தது. மஞ்சள் கறுப்புப் பட்டை, கண்ணாடிச் சிறகு, தலையில் ஆடுகிற இரண்டு கொம்பு. நாலு வயது அளவு.

மாலையே அதையும் கேட்டு ஒருத்தி போனில் எழுதினாள். கிரிசெல்தா என்று பெயர். அவள் மகள் சித்லாலி, தேனீ தவிர வேறு எதுவாகவும் இருக்க மாட்டேன் என்கிறாளாம். "வியாழக்கிழமை பான்டிட்லான் நிலையம், கடிகாரத்துக்குக் கீழே, மதியம்" என்று எழுதினேன். எப்போதும் எழுதுவதுதான்.

மார்ச் 20, வியாழன்

வரவில்லை. கிரிசெல்தா வரவில்லை.

கடிகாரத்துக்குக் கீழே நின்று நின்று கால் மரத்துப் போனது. நிலையத்துக்குள் விற்பனை கூடாது என்று சட்டம். அதனால் காவலாளி எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நான் யாருக்கோ காத்திருக்கும் சித்தி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். வாங்குகிறவள் வந்துவிட்டால் கவலை இல்லை. கட்டிப்பிடித்து, கன்னத்தில் முத்தம் கொடுத்து, சொந்தக்காரிக்குப் பரிசு கொடுப்பது போலப் பையை மாற்றிக்கொள்வோம். தனியாக எவ்வளவு நேரம் சித்தியாக நிற்பது? அங்கே சிக்னலும் கிடையாது. கடைசியில் காவலாளி நேராக என்னைப் பார்த்து நடந்து வந்தான். வந்த ரயிலில் ஏறிவிட்டேன்.

இதே தேனீயைக் கேட்டு நான்கு பேர் கெஞ்சினார்கள். இவளுக்காக எல்லாரையும் இல்லையென்று அனுப்பினேன். நாளைக்கு விழா முடிந்தால் இது வெறும் மஞ்சள் துணி.

மேல்வீட்டுச் சாயோவும் நேனிதான், மேக்கப் சாமான் விற்கிறாள். அவளிடம் சொன்னேன். "போட்டு விடுடி அவ மூஞ்சிய. ஒருத்திக்குச் சூடு வெச்சாத்தான் பத்துப் பேருக்குப் புத்தி வரும்," என்றாள். எங்கள் நேனிகள் குழுவில் அதுதான் வழக்கம்: வராதவளை முதலில் போனில் செய்தி அனுப்ப முடியாதபடி தடுத்துவிட வேண்டும், பிறகு அவள் படத்தைப் போட வேண்டும். தடுக்காமல் போட்டால் அழுது புலம்பி உயிரை எடுப்பார்களாம்.

தடுத்தேன். போட்டேன். 'ஏமாற்றுக்காரி, இவளுக்கு யாரும் விற்காதீர்கள்.'

மனசு ஆறியது. எழுதிவிட்டேன், அதுதான் உண்மை. ஆறத்தான் செய்தது.

மார்ச் 21, வெள்ளி

எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள்! முன்பின் தெரியாதவர்கள் எனக்காகக் கோபப்படுகிறார்கள். ஒருத்தி, 'மூஞ்சியப் பார்த்தாலே திருட்டு முழி' என்று எழுதியிருந்தாள். சிரித்தேன். பத்து தடவையாவது போய்ப் பார்த்திருப்பேன். கை தானாகப் போனுக்குப் போகிறது.

தேனீயைச் சமையலறை ஆணியில் மாட்டினேன். ஜன்னல் காற்றுக்குக் கொம்புகள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. "இதுவும் ஒட்டுக்கேக்குதா?" என்று கேட்டேன் ஃபெர்மினிடம். அவன் சிரிக்கவில்லை. அந்தப் பெண் உன்னை என்ன செய்துவிட்டாள் என்று கேட்டான். என் நேரத்தைத் தின்றாள் என்றேன்.

மார்ச் 22, சனி

என் பக்கத்தில் ஒற்றை நட்சத்திரம்! இத்தனை வருஷமாக ஐந்துக்குக் குறைந்ததில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யாரென்று பார்த்தால் அவளேதான். ஆளைத் தடுத்தவளுக்கு மதிப்பெண் போடுகிற இடத்தைத் தடுக்கத் தெரியவில்லை என்று நினைத்திருப்பாள் போல. (தெரியவில்லைதான்.)

'நான் வந்தேன். காத்திருந்தேன். என் மகள் வேஷம் இல்லாமல் பள்ளிக்குப் போனாள்.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். திட்டு ஒன்று கூட இல்லை. கூடவே ஒரு படம். அவள், கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், தலைக்கு மேலே கடிகாரம்.

பொய்க்காரி, என்றைக்கோ எடுத்த படம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். கடிகாரத்துக்குப் பின்னால் பலகை. பலகை ஊதா நிறம்.

நான் நின்றது பழுப்பு வழியில்.

பான்டிட்லானில் நான்கு ரயில் வழிகள் சேர்கின்றன. இளஞ்சிவப்பு, மஞ்சள், பழுப்பு, ஊதா. நான்கிலும் கடிகாரம் இருக்கிறது. எனக்குத் தெரியாதா? தினமும் அங்கேதானே கிடக்கிறேன். ஆனால் நான் பழுப்பில் வருகிறவள், என் கடிகாரம் ஒன்றுதான் கடிகாரம் என்று இருந்துவிட்டேன். அவள் லா பாஸ் பக்கத்திலிருந்து ஊதாவில் வருகிறவள். அவளுக்கு அதுதான் கடிகாரம். எந்த வழி என்று நான் எழுதவே இல்லை. நாலு தடவை திரும்பப் படித்துப் பார்த்தேன். எழுதவே இல்லை.

ரெண்டு பேரும் நின்னிருக்கோம். ஒரே நேரத்துல. நடுவுல ஒரு நடைபாலம். கடவுளே.

மார்ச் 23, ஞாயிறு

பதிவை அழித்துவிட்டேன். அழித்து என்ன? வேறு குழுக்களில் அதே படம் ஓடுகிறது. நான் எழுதாததெல்லாம் அதில் ஏறியிருக்கிறது. பிள்ளையைக் காட்டிப் பணம் பறிப்பவளாம். யார் சொன்னது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாயைத் திறந்துவிட்டவள் நான்.

தடுப்பை எடுத்தேன். தடுத்திருந்த நேரத்தில் அவள் அனுப்பியதெல்லாம் காற்றோடு போய்விட்டது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பார்த்துவிட்டாள் என்று காட்டுகிறது. பதில் இல்லை.

அவள் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். அவளும் விற்கிறவள்தான்! பிறந்தநாளுக்கு ஜெலட்டின் செய்து தருகிறாள், கண்ணாடி மாதிரி ஜெலட்டினுக்குள்ளே பூக்கள் விரிந்திருக்கின்றன. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் இப்போது யார் யாரோ: 'ஏமாற்றுக்காரி.' என் சொல். அதே எழுத்து.

செய்த சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

சாயோவும் ஃபெர்மினும் என் சமையலறையில் உட்கார்ந்து வாதாடினார்கள். போன்கள் மூன்றும் குளிர்பெட்டிக்குள்.

சாயோ சொல்வது: ஒரு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், சும்மா இரு. தப்பு என்னுடையது என்று நீயே போட்டால் அப்புறம் உன்னிடம் யார் வாங்குவாள்? நமக்குக் கடை உண்டா, பலகை உண்டா? அந்த ஐந்து நட்சத்திரம்தான் கடை.

ஃபெர்மின் வழக்கம்போலப் போன் கோபுரம், அலைவரிசை என்று தொடங்கினான். இந்தக் கருவி மனுஷனைக் கெடுத்துவிட்டது, முகம் பார்த்து விற்ற காலத்தில் இப்படி நடந்திருக்காது என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. அந்தக் காலச் சந்தையில் மட்டும் யாரும் யாரையும் திட்டியதில்லையா, தராசில் கல் வைத்தது போனா என்று கேட்டேன். போன் என்ன செய்தது? நான் எழுதியதை அது எழுதியது. எந்தக் கடிகாரம் என்று அது கேட்கவில்லை, சரி. நானும் கேட்கவில்லையே.

ஃபெர்மின் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு சொன்னான்: "அந்தப் பொண்ணு உன்னைத் திட்டிக்கூட எழுதலையே அம்பாரோ. அதான் எனக்கு என்னவோ பண்ணுது."

எனக்கும் அதுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 27, வியாழன்

ஊதா வழிக்குப் போனேன். அந்தக் கடிகாரத்துக்குக் கீழே நின்று என் முகத்தை நானே படம் எடுத்தேன். தலை கலைந்து, மூக்கு சிவந்து, அசிங்கமாக இருக்கிறது. அப்படியே போட்டேன். 'கிரிசெல்தா வந்திருந்தாள். இங்கே, இந்தக் கடிகாரத்துக்குக் கீழே, மகளோடு காத்திருந்தாள். எந்த வழி என்று சொல்லாதவள் நான். விசாரிக்காமல் அவளை ஏமாற்றுக்காரி என்றவளும் நான். அவள் படத்தைப் பகிர்ந்தவர்கள் இதையும் பகிருங்கள்.'

அனுப்பிவிட்டு, போனை நானே எடுத்துக் குளிர்பெட்டிக்குள் வைத்தேன். ஃபெர்மின் பார்த்தான்.

மார்ச் 28, வெள்ளி

பகிர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொய்க்குக் கால் முளைத்து ஓடுகிறது, உண்மைக்குச் செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

திட்டுகிறவர்களுக்கு மட்டும் குறைவில்லை. 'முழி' எழுதிய அதே பெண் இன்று என் முழியைப் பற்றி எழுதியிருக்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இந்த வாரம் இரண்டே பார்சல். சாயோ சொன்னது நடக்கிறது. "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று அவள் சொல்லவில்லை. படியில் பார்த்தால் தோளைத் தட்டிவிட்டுப் போகிறாள். அது இன்னும் மோசம்.

மிக்ஸ்கால்கோவுக்குப் போகப் பிடிக்கவில்லை. வீட்டில் இருக்கவும் பிடிக்கவில்லை. துடைத்த மேஜையையே துடைக்கிறேன். தேனீயை எடுத்துப் பெட்டியில் போடலாம் என்று கை வைத்தேன், மனசு வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஒருத்தி தேனீயைக் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். விற்க ஒன்றும் இல்லாத நேரத்தில்! எனக்கென்ன பைத்தியமா?

ஏப்ரல் 14, திங்கள்

கிரிசெல்தாவிடம் ஒரு ஜெலட்டின் வாங்கலாம், அப்படியாவது ஏதாவது செய்யலாம் என்று எழுத உட்கார்ந்தேன். எழுதி அழித்தேன். அவளுக்கு என் காசா வேண்டும்? என் மனசு ஆறுவதற்கு அவள் ஜெலட்டினா? ஒருமுறை என் மனசு ஆறியதற்கே அவள் பட்டது போதும்.

ஏப்ரல் 24, வியாழன்

ஃபெர்மின் குளிர்பெட்டியைத் திறந்து, "உன் போன் தயிருக்குப் பக்கத்துல நடுங்குது, பாரு" என்றான். ஏதாவது விளம்பரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். தட்டு கழுவி முடித்துத்தான் எடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

அவள்.

'தேனீ இருக்கிறதா? 30ஆம் தேதி பள்ளியில் குழந்தைகள் தினம். 29 மதியம். ஊதா.'

வணக்கம் இல்லை, நேனி இல்லை, பொம்மை முகம் இல்லை. 'இருக்கிறது. ஊதா வழி, கடிகாரத்துக்குக் கீழே. பரிசாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: 'வேண்டாம். விலை கொடுத்துத்தான் வாங்குவேன்.'

ஏப்ரல் 29, செவ்வாய்

சீக்கிரமே போய்விட்டேன். ஊதா வழி. பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், பைத்தியக்காரி போல.

வந்தாள். படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம், நெற்றியில் வியர்வை. அவள் கையைப் பிடித்தபடி சித்லாலி. பையைப் பார்த்ததும் அந்தப் பெண் குதிக்க ஆரம்பித்தாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு மறந்தே போய்விட்டது. கட்டிப்பிடிப்பது வழக்கம்தான், ஆனால் இவளை எந்த உரிமையில் கட்டிப்பிடிப்பது? பையை மட்டும் நீட்டினேன். அவளும் பணத்தை வெறுமனே நீட்டினாள். இரண்டு முட்டாள்கள். நட்டநடு நடைமேடையில், ஊரறிய வியாபாரம்.

காவலாளி வந்துவிட்டான்.

"என்னம்மா நடக்குது இங்க? பையில என்ன? வியாபாரமா?"

மாட்டினால் பை போகும், என்னையும் அழைத்துப்போய் உட்கார வைப்பார்கள். கிரிசெல்தா என்னைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். ஒரே ஒரு சொல் போதும் அவளுக்கு. 'ஆமாம்' என்றால் முடிந்தது. சொன்னால் அது பொய்யும் இல்லை. அவளைப் பற்றி நான் சொன்னதுதான் பொய்.

"என் அக்கா," என்றாள். "பாப்பாவுக்குத் துணி கொண்டாந்திருக்கா."

காவலாளி நம்பவில்லை, அப்படியே நின்றான். சித்லாலி அண்ணாந்து என்னைப் பார்த்து, "அப்ப இவங்க எனக்குப் பெரியம்மாவா?" என்று கேட்டாள்.

"ஆமா. முத்தம் குடு," என்றாள் கிரிசெல்தா.

நான் குனிந்தேன். குழந்தை கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், மாங்காய் மிட்டாய் பிசுபிசுப்போடு. காவலாளி போய்விட்டான். எனக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது, மறைக்கவும் இல்லை.

"என் கோபம் இன்னும் போகல," என்றாள் கிரிசெல்தா. "இந்த ஒரு மாசம் பூரா ஒரு ஜெலட்டின் போகல எனக்கு. ஆனா அவன்கிட்ட உங்களக் காட்டிக்குடுக்க எனக்கு வராது."

பணத்தை என் கையில் வைத்து விரல்களை மூடினாள். ரயில் வந்தது. ஏறுவதற்கு முன்பே சித்லாலி கொம்புகளைத் தலையில் மாட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், வந்தாளா என்று ஃபெர்மின் கேட்டான். வந்தாள் என்றேன். காலி ஆணியைப் பார்த்துவிட்டு அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான்.

இப்போதுதான் என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவள் போட்ட ஒற்றை நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. எடுக்கச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை.