நெஞ்சுக்குள் கேட்ட சத்தம்

செவ்வாய்க்கிழமை, ஹட் பே, லிட்டில் அந்தமான் தீவு.

காலையில் என் வீட்டுக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பீப், பீப் என்று ஒரு சத்தம். போன் என்று நினைத்துத் தேடினேன். சத்தம் அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

ஆறு வருடத்துக்கு முன் சென்னையில் வைத்த கருவி அது. இதயம் தாறுமாறாகத் துடித்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்யும்.

"நாலு நாளா இதே நேரத்துக்குக் கத்துது. சொன்னா நீ பயப்படுவேன்னுதான்..." என்றார்.

ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பேட்டரி தீரப்போகிறது, மெயின்லேண்டுக்குப் போய்க் கருவியை மாற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன். "ஜல்தி ஜாயியே" என்று அவசரப்படுத்தினார்.

நேராகக் கப்பல் ஜெட்டிக்குப் போனோம். கடல் சரியில்லை என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். "அடுத்த ஜஹாஜ் எப்போன்னு எங்களுக்கே தெரியாதுக்கா" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். இந்தக் காற்றில் ஹெலிகாப்டரும் பறக்காதாம்.

வீடு திரும்பினோம். சாயங்காலம் அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். பதினெட்டு வருடமாகத் தண்ணீர் மோட்டாரை என்னைத் தொட விட்டதில்லை. இன்று எந்த சுவிட்சை முதலில் போடுவது, ஏர் பிடித்தால் என்ன செய்வது என்று பொறுமையாகக் காட்டினார்.

"இப்ப எதுக்குங்க இதெல்லாம்?"

"சும்மா தெரிஞ்சு வச்சுக்கோ. எங்க, நீ போடு பாப்போம்."

எனக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தே தப்பான சுவிட்சைப் போட்டேன். நாளைக்கும் அவரே சொல்லித் தரட்டும்.